மூன்று நாளில் நான்கு ஊர் வேண்டாம், கொச்சி ஒன்றே போதும்

கேள்வி: நாங்கள் திருப்பூர். நான், கணவர், ஏழாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன், 68 வயதான மாமியார் என்று ஐந்து பேர். ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் லீவு கிடைக்கிறது. வியாழன் இரவு கிளம்பி ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். தெரிந்த டிராவல்ஸ்காரர் ஒருவர் பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையும் யூதர் ஆலயமும், சனிக்கிழமை மூணாறு, ஞாயிறு காலை ஆலப்புழாவில் படகு, திரும்பும் வழியில் அதிரப்பள்ளி அருவி. எல்லாமே வேனில்தான். மாமியாருக்கு மூட்டுவலி. பிளானைக் கேட்டதும் "நான் வீட்டிலேயே இருந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அவர் சுத்த சைவம், நாங்கள் மீன் சாப்பிடுவோம். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. இந்த பிளான் சரிவருமா? மாமியாரை எப்படியாவது கூட்டிப்போக வேண்டும் என்பது என் ஆசை.

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். வீட்டுப் பெரியவர் "நான் வரலை" என்று சொன்னால், பெரும்பாலும் அவருக்கு ஊர் பார்க்க ஆசை இல்லை என்று பொருளில்லை. தன்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்றுதான் நினைக்கிறார். அதனால் திட்டத்தை அவரை வைத்தே போடுவோம். அவருக்கு ஒத்துவரும் திட்டம் உங்கள் இரண்டாம் வகுப்புப் பையனுக்கும் ஒத்துவரும்.

முதலில் அந்த பிளானைப் பார்ப்போம். அதில் முதல் நாளே ஒரு பெரிய ஓட்டை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. நீங்கள் போய் நிற்கும்போது கதவு பூட்டியிருக்கும். சரி, சனிக்கிழமைக்கு மாற்றலாம் என்றால், பக்கத்திலேயே இருக்கும் யூதர் ஆலயத்துக்கு அன்று சபாத் என்ற வார ஓய்வு நாள், அதுவும் திறக்காது. வெள்ளிக்கிழமையும் அங்கே மதியத்தோடு பார்வையாளர்களை நிறுத்திவிடுவார்கள். உங்கள் கையிலிருக்கும் மூன்று நாட்களில் இரண்டும் சேர்ந்து திறந்திருப்பது ஞாயிறு மட்டுமே. கொச்சிக்கு யார் வார இறுதியில் போனாலும் மட்டாஞ்சேரியை ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்வேன்.

அடுத்தது தூரம். கொச்சியிலிருந்து மூணாறு 130 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய பாதி மலைப்பாதை. நான்கு மணி நேரம் ஆகும், விடுமுறை நாளில் அதற்கு மேலும் ஆகும். போக நான்கு, இறங்க நான்கு என்று எட்டு மணி நேரம் மூட்டுவலிக்காரர் காலைத் தொங்கப்போட்டபடி வேனில் உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் மூணாறுக்குப் போக உங்களுக்குக் கொச்சி தேவையே இல்லை. திருப்பூரிலிருந்து உடுமலை, மறையூர் வழியாக நேராக ஏறிவிடலாம். அதிரப்பள்ளிக்கும் வால்பாறை வழியாகக் காட்டுக்குள் ஓர் அருமையான பாதை இருக்கிறது. இவை இரண்டும் உங்கள் ஊரிலிருந்து தனித்தனியாகப் போய்வர வேண்டிய இடங்கள். கொச்சியோடு சேர்த்துக் கட்டினால் மூன்றுமே வீணாகும். ஆலப்புழாவும் அப்படித்தான். படகு வீட்டில் ஓர் இரவு தங்கினால்தான் அதற்கு அழகு. ஒரு மணி நேரம் படகில் சுற்றிவிட்டு அருவியைப் பிடிக்க ஓடுவதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

"இவ்வளவு தூரம் போய் ஒரே ஊரையா பார்ப்பது?" என்று உங்கள் கணவர் கேட்கலாம். நாம் கொச்சி என்று சொல்வது ஓர் ஊரில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். கரையில் எர்ணாகுளம், கடல் வாய்க்குத் தெற்கே ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும், வடக்கே வைப்பின் தீவு, நடுவில் வெல்லிங்டன் தீவு, வல்லார்பாடம், போல்காட்டி. இவற்றுக்கு நடுவே காயல். துறைமுக நகரத்தைப் பார்க்க நல்ல வழி தண்ணீரிலிருந்து பார்ப்பதுதான். வேனில் பாலங்களின் மேல் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தால் அந்த ஊர் உங்கள் கண்ணில் படவே படாது. எர்ணாகுளத்திலிருந்து தேவரை, தோப்பும்படி சுற்றி ஃபோர்ட் கொச்சிக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகிவிடும். படகில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் சும்மா போவதில்லை, பார்க்க அத்தனை இருக்கிறது.

அதனால் என் யோசனை இதுதான்: வேனை விட்டுவிடுங்கள், ரயிலில் போங்கள், ஃபோர்ட் கொச்சியில் இரண்டு இரவு தங்குங்கள், படகிலும் ஆட்டோவிலும் சுற்றுங்கள்.

ரயில் விஷயத்தில் ஒரு மாற்றம் தேவை. கேரளா போகும் இரவு வண்டிகளில் பலவும் திருப்பூருக்கு வருவதே நள்ளிரவு தாண்டித்தான். வியாழன் இரவு பத்து மணிக்கே கிளம்பி பிளாட்பாரத்தில் காத்திருக்க வேண்டாம். வீட்டில் நன்றாகத் தூங்கிவிட்டு, விடியற்காலையில் வரும் வண்டியில் ஏறுங்கள். ஐந்து மணி நேரப் பயணம், வெள்ளி முற்பகலில் இறங்கிவிடலாம். 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும், அன்றைக்கே போட்டுவிடுங்கள். மாமியாருக்குக் கீழ் பெர்த் கேட்க மறக்காதீர்கள். இன்னொன்று, எர்ணாகுளத்தில் இரண்டு ஸ்டேஷன். ஜங்ஷனைச் சௌத் என்றும் டவுன் ஸ்டேஷனை நார்த் என்றும் ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள். சில வண்டிகள் ஒன்றில் நிற்கும், சில மற்றதில் நிற்கும். டிக்கெட்டில் எது என்று போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் நாளில் தப்பான ஸ்டேஷனில் போய் நின்று வண்டியை விட்டவர்கள் நிறையப் பேர்.

முதல் நாள் பெட்டிகள் இருக்கும். அதனால் ஸ்டேஷனிலிருந்து டாக்ஸியிலேயே ஃபோர்ட் கொச்சிக்குப் போய்விடுங்கள். அறை பிடிக்கும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: தரைத் தளத்தில் அறை உண்டா, குளியலறையில் வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா. அங்கே ஹோம்ஸ்டேக்கள் பெரும்பாலும் பழைய வீடுகள். மாடிப்படி மரத்தால் ஆனதாக, குறுகலாக, செங்குத்தாக இருக்கும். படத்தில் அழகாகத் தெரியும், ஆனால் மூட்டுவலிக்கு அது எமன். ஜனவரி சீசன் என்பதால் சுமாரான அறைக்கே இரவுக்கு 2,500 ரூபாயிலிருந்து 3,500 வரை கேட்பார்கள். இரண்டு அறை, இரண்டு இரவு என்று வைத்தாலும் 14,000 தாண்டாது. மிச்சத்தில் ரயில், சாப்பாடு, ஆட்டோ, டிக்கெட் எல்லாம் அடங்கிவிடும். 25,000 போதும். புத்தாண்டு சமயத்தில் போகாமல் ஜனவரி கடைசியில் போவதும் நல்லதுதான். டிசம்பர் 31 இரவு பப்பாஞ்ஞி பொம்மையை எரிக்கும் விழாவுக்கு அங்கே கூடும் கூட்டத்தில் பெரியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுங்கள். ஜனவரியிலும் கொச்சியில் பதினொரு மணிக்கு மேல் புழுக்கம் பிழிந்தெடுக்கும். வெள்ளி, சனி இரண்டு நாளும் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை எதுவும் வைக்காதீர்கள். நாலு மணிக்கு மேல் மெதுவாகச் சீன வலைகள் இருக்கும் கரைக்கு நடந்து வாருங்கள்.

இந்த வலைகளை எல்லோரும் படம் எடுத்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு வலைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள், பையனுக்கு நல்ல விஞ்ஞானப் பாடம். தேக்கு மரக் கால்களில் ஒரு பெரிய சட்டம், அதன் முனையில் நான்கு கழிகளில் விரித்துக் கட்டிய வலை. பின்பக்கம் கயிறு கயிறாகக் கருங்கற்கள் தொங்கும். ஓர் ஆள் முன் கட்டையில் நடந்து போனாலே அவர் எடைக்குச் சட்டம் சாய்ந்து வலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். கொஞ்ச நேரம் விட்டு, நான்கைந்து பேர் சேர்ந்து பின்னால் கயிற்றை இழுப்பார்கள். கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்கார, வலை மேலே எழும். உள்ளே ஒரு கை மீன் இருந்தால் அதிகம். காக்கையும் கொக்கும் அதற்குப் பங்கு கேட்டுக் காத்திருக்கும். கயிறு இழுக்க உங்கள் பிள்ளைகளையும் கூப்பிடுவார்கள். தாராளமாக இழுக்கட்டும், கடைசியில் அம்பதோ நூறோ கொடுத்துவிடுங்கள். அந்த மீனை மட்டும் நம்பி அவர்கள் பிழைக்க முடியாது.

பக்கத்துக் கடைகளில் மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். அந்த மீனெல்லாம் கண்ணெதிரே வலையில் ஏறியது என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் பெரிய மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வருவதுதான். மீன் விலை தனி, சமையல் கூலி தனி. இரண்டையும் முதலிலேயே பேசிவிட்டு அப்புறம் எடை போடச் சொல்லுங்கள்.

இந்தக் கரையை ஒட்டித்தான் துறைமுகத்துக்குள் வரும் எல்லாக் கப்பலும் போகும். எதிரே வைப்பின் தீவு, நடுவே உள்ள கால்வாய் அவ்வளவு குறுகல். பத்து மாடிக் கட்டடம் ஒன்று நகர்ந்து வருவதுபோல ஒரு சரக்குக் கப்பல் வீட்டுக்கூரைகளுக்கு மேலாக எழும்பி வரும், அதன் இரண்டு பக்கமும் இழுவைப் படகுகள். உங்கள் பையன் அதைப் பார்த்தால் அன்றைக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டாம். நூறு வருடத்துக்கு முன்னால் பெரிய கப்பல் எதுவும் இப்படி உள்ளே வர முடியாது. கடல் வாயை ஒரு மணல் திட்டு மறித்துக்கொண்டிருந்தது. கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரம் போட, சரக்கைச் சிறு படகுகளில் கொண்டுவருவார்கள். 1920-இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டிக் கால்வாயை ஆழப்படுத்தினார். தோண்டி எடுத்த மண்ணைக் காயலுக்குள் கொட்டி ஒரு தீவையே உண்டாக்கினார்கள். அதுதான் வெல்லிங்டன் தீவு. அதற்கும் முன்னால், 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துவிட்டுக் கொச்சியில் கடலுக்கு வாயைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஏழாவது படிக்கும் மகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். பாடத்தில் படித்த முசிறி அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான்.

அந்த இடத்தில் கடலில் குளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஃபோர்ட் கொச்சி கடற்கரையை அலை அரித்து அரித்து மணலே குறைந்துவிட்டது. தண்ணீரில் ஆகாயத்தாமரையும் குப்பையும் மிதக்கும். அது உட்கார்ந்து பார்க்கும் கரை. பிள்ளைகள் அலையில் ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வைப்பின் தீவில் செராய் கடற்கரை இருக்கிறது, அதற்குத் தனியாக அரை நாள் வேண்டும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் மறுபடி அதே கரையோர நடைபாதைக்கு வாருங்கள். மாமியாருக்கு உட்கார பெஞ்சு இருக்கிறது. கடல் வாயில் டால்ஃபின்கள் வரும். குதித்து வித்தை காட்டாது, சாம்பல் நிற முதுகு மட்டும் உருண்டு மேலே வந்து மறையும். ஒரே இடத்தை உற்றுப் பார்க்காமல் தண்ணீர் முழுக்கக் கண்ணை ஓட்டச் சொல்லுங்கள், முதலில் கண்டுபிடிப்பது பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம். ஞாயிறு காலை அங்கே ஆராதனை நடக்கும் என்பதால் சனிக்கிழமையே பார்த்துவிடுவது நல்லது. 1503-இல் போர்ச்சுகீசியர்கள் மரத்தில் கட்டியதில் தொடங்கும் தேவாலயம் இது. வாஸ்கோட காமா 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டார். பிறகு உடலைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கல்லறை இருந்த இடத்தைக் கம்பி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை மேலே பார்க்கச் சொல்லுங்கள். நீளமான துணி விசிறிகள் தொங்கும். கரண்ட் இல்லாத காலத்தில் வெளியே உட்கார்ந்து ஆள் கயிறு இழுக்க உள்ளே காற்று வரும். ஒரே தளம், மாடி ஏற வேண்டியதில்லை, மாமியாருக்குச் சிரமம் இருக்காது.

அங்கிருந்து ஆட்டோவில் தோபி கானாவுக்குப் போகச் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்துக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன். டச்சுக்காரர்கள் காலத்தில் படைவீரர்களின் துணி துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று இங்கே துவைப்பவர்களைச் சொல்கிறார்கள். வரிசையாகத் தொட்டிகளும் துவைகல்லும். அந்தப் பக்கம் வெட்டவெளியில் கொடிகள். இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டிய கொடி அது. முறுக்குக்கு நடுவே துணியின் முனையைச் சொருகிவிடுவார்கள், எந்தக் காற்றுக்கும் விழாது, கிளிப்பே கிடையாது. உள்ளே கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. நாள் முழுக்கத் துணியோடு இருக்கும் ஊர்க்காரர்கள் நீங்கள், அதைப் பார்க்கும் கண் உங்களுக்கு உண்டு. தமிழில் பேசினால் அவர்களும் தமிழில் பேசுவார்கள். வேலை செய்யும் இடம் என்பதால் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டோ பற்றியும் சொல்லிவிடுகிறேன். "நூறு ரூபாய் கொடுங்க, ஊரையே சுத்திக் காட்டுறேன்" என்று சிரித்துக்கொண்டே வருவார்கள். அந்தச் சுற்றில் கைவினைப் பொருள் கடைகளும் வாசனைப் பொருள் கடைகளும் இருக்கும், கடைக்கு ஆள் கொண்டுபோனால் அவர்களுக்குக் கமிஷன். அவர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. "கடை வேண்டாம் சேட்டா, இந்த மூணு இடம் மட்டும் போதும்" என்று ஏறும் முன்பே சொல்லிக் கூலியைப் பேசிவிட்டால் நல்லபடியாகக் கூட்டிப் போவார்கள்.

சனிக்கிழமை மதியத் தூக்கத்துக்குப் பிறகு படகு. ஃபோர்ட் கொச்சியிலிருந்து எர்ணாகுளம் ஹைகோர்ட் நிலையத்துக்கு வாட்டர் மெட்ரோ போகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய சேவை, கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டிய மின்சாரப் படகுகள், ஏசி உண்டு, நூறு பேர் ஏறலாம். உங்கள் மாமியாருக்காகவே இதைச் சொல்கிறேன். பழைய படகுகளில் ஏற ஆடும் விளிம்பில் காலை எட்டி வைக்க வேண்டும், யாராவது கையைப் பிடித்து இழுக்க வேண்டும். வாட்டர் மெட்ரோவில் படகுத்துறையே மிதவை. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் துறையும் படகும் ஒரே மட்டத்தில் நிற்கும். வீட்டு வாசலைத் தாண்டுவதுபோல் நேராக நடந்து உள்ளே போய்விடலாம், சக்கர நாற்காலியே போகும்.

போகும்போது வலது பக்கம் உட்கார்ந்தால் வெல்லிங்டன் தீவு, இடது பக்கம் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்தின் பெரிய கிரேன்கள், அப்புறம் டச்சுக்காரர்கள் 1744-இல் கட்டிய அரண்மனை இருக்கும் போல்காட்டி தீவு. கடற்படையின் தெற்குத் தலைமையகம் இருக்கும் ஊர் இது. நம் நாட்டிலேயே கட்டிய முதல் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் பிறந்ததும் இதே கொச்சியில்தான், 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தது. கடற்படைப் பகுதிப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

கூட்டத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். விடுமுறை நாளில் எர்ணாகுளத்தில் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் காலையில் ஃபோர்ட் கொச்சிக்கு வருவார்கள், இருட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். அந்த இரண்டு வரிசையும் ரொம்ப நீளம். நீங்கள் ஃபோர்ட் கொச்சியில் தங்குவதால் எதிர்த்திசையில் போவீர்கள். மூன்றரை மணிக்குக் கிளம்பி, எர்ணாகுளத்தில் காயலோர நடைபாதையான மெரைன் டிரைவில் கொஞ்ச நேரம் நடந்து, டீ குடித்துவிட்டு, சூரியன் இறங்கும் நேரத்துக்குத் திரும்பும் படகில் இருங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகு இருக்கிறது, சில்லறைக் காசுதான். ஒரு முறை பிள்ளைகளையும் அவர்கள் அப்பாவையும் மட்டும் அதில் அனுப்புங்கள். ஜன்னலில் கண்ணாடி இல்லாமல் காற்று முகத்தில் அடிக்கும்.

கதகளி பார்ப்பதென்றால் வெள்ளி மாலையை அதற்கு வையுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகச் சுருக்கிய ஆட்டம்தான். ஆனால் ஒரு மணி நேரம் முன்பே போனால் வேஷம் போடுவதை எதிரே உட்கார்ந்து பார்க்கலாம். அரிசி மாவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தாடையில் வெள்ளை விளிம்பு வைப்பார்கள். சுண்டப்பூவின் விதையைக் கண்ணிமைக்குள் வைத்துக் கண்ணைச் சிவப்பாக்குவார்கள். மகள் அதை மறக்கமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரி. ஒன்பது மணிக்கெல்லாம் அறையைக் காலி செய்து, பெட்டிகளை ஹோம்ஸ்டேயிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அரண்மனையை 1555 வாக்கில் போர்ச்சுகீசியர்கள் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் நின்றுவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டுக் கட்டடம், இதற்கா வந்தோம் என்று தோன்றும். மேலே போக ஒரு படிக்கட்டு உண்டு. மாமியார் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறட்டும், அவசரமே வேண்டாம். இந்த மூன்று நாளில் நான் அவரை ஏறச் சொல்வது இந்த ஒரு படிக்கட்டைத்தான்.

ஏறினால் ராஜாவின் பள்ளியறை. சுவர் முழுக்க ராமாயணம். தசரதரின் யாகத்தில் ஆரம்பித்து அயோத்திக்குத் திரும்புவது வரை இடைவெளியே இல்லாமல் வரைந்திருக்கிறார்கள். காவியும் மஞ்சளும் பச்சையுமாக உருவங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும், விரல்நுனி, நகை, மரத்து இலை எல்லாம் தனித்தனியாகத் தெரியும். கதை தெரியாத வெளிநாட்டுப் பயணிகள் பலகையைப் படித்துக்கொண்டு நிற்பார்கள். உங்கள் மாமியாருக்குப் பலகை எதற்கு? பேரன் பேத்தியை இரண்டு பக்கமும் நிறுத்திக்கொண்டு, இது யார், இது எந்தக் கட்டம் என்று அவரே சொல்லட்டும். அந்த அறைக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள், அவரை யாரும் அவசரப்படுத்த வேண்டாம். சித்திர அறைகளில் படம் எடுக்க விடமாட்டார்கள், போன் பைக்குள் இருக்கட்டும். வளாகத்துக்குள்ளேயே ராஜ குடும்பத்தின் பழையன்னூர் பகவதி கோயிலும் இருக்கிறது.

யூதர் ஆலயம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். 1568-இல் கட்டியது. செருப்பைக் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். தரையில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தவை, ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஒரே மாதிரி இரண்டு ஓடு கண்டுபிடித்தால் ஐஸ்கிரீம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், சத்தம் போடாமல் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இஸ்ரேல் உருவான பிறகு இங்கிருந்த யூதக் குடும்பங்கள் பெரும்பாலும் அங்கே போய்விட்டன. தெருவின் பெயரும் வீட்டு ஜன்னல்களில் தாவீதின் நட்சத்திரமும் நிற்கின்றன. அந்தத் தெருக் கடைகளில் மிளகு, ஏலக்காய் வாங்குவதென்றால் 100 கிராம் என்ன விலை என்று கேட்டு வாங்குங்கள். பாக்கெட் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மட்டாஞ்சேரியில் குஜராத்திகளும் கொங்கணிகளும் பல தலைமுறையாக வாழ்வதால் நல்ல சைவக் கடைகள் உண்டு, குஜராத்தி வீதிப் பக்கம் கேளுங்கள். காலையில் புட்டு கடலை, ஆப்பம், இடியாப்பம் எங்கும் கிடைக்கும். சாப்பாட்டில் சிவப்பு மட்டை அரிசி போடுவார்கள், வயதானவர்களுக்குக் கொஞ்சம் கடினம். வெள்ளைச் சோறு வேண்டும் என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வாசனை ஒத்துக்கொள்ளாதவர் என்றால் தயிரும் ஊறுகாயும் கைவசம் இருக்கட்டும். உங்களுக்குக் கரிமீன் பொள்ளிச்சது, குடம்புளி போட்ட மீன் கறி. பிரியாணிப் பிரியர் யாராவது இருந்தால் மட்டாஞ்சேரியில் காயிக்கா கடை, மதியத்துக்குள் போய்விடுங்கள். கொசுவுக்கு எதையாவது கொண்டு போங்கள், அந்த ஊர்க் கொசு பொல்லாதது.

சாப்பிட்டுவிட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கு டாக்ஸியில் எர்ணாகுளம் கிளம்பினால் பிற்பகல் வண்டியைப் பிடித்துவிடலாம். மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பக்கத்திலேயும் 2025-இல் வாட்டர் மெட்ரோ நிலையம் வந்துவிட்டது. ஆனால் ஞாயிறு மதியம் பெட்டியும் பெரியவரும் ரயில் நேரமும் சேர்ந்து இருக்கும்போது படகு வரிசையை நம்ப வேண்டாம்.

டிராவல்ஸ்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் சண்டை போட வேண்டாம், அதே பணத்தைக் கோடை லீவில் உடுமலை வழியாக மூணாறு போகும் வேனுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, தரைத் தள அறைக்கு இரண்டு மூன்று ஹோம்ஸ்டேக்களுக்கு போன் போடுவது. அறை உறுதியானதும் மாமியாரிடம் போய், மலை ஏற்றம் கிடையாது, வெள்ளியும் சனியும் மதியம் தூக்கம் உண்டு, ஏறவேண்டியது ஒரே ஒரு படிக்கட்டு, அதற்கு மேலே முழு ராமாயணம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.